வாத்தியார் வீடு குரூப்: பால் காய்ச்சுறதா வேண்டாமா?

காலை 7:12
பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) பால் ஒரு வெள்ளை விஷம்!!! குடல் வீக்கம், மூட்டு வீக்கம், எல்லாத்துக்கும் அதுதான் காரணம். அனைவருக்கும் பகிரவும்.

7:13
பெரியப்பா: ஞாயிறு விசேஷத்துல பால் சேர்த்த ஐட்டம் எதுவும் வேண்டாம். ரெண்டு வாரமா எனக்கு வயிறே சரியில்ல.

7:20
செந்தில்: பெரியப்பா, கிரகப்பிரவேசம். பால் காய்ச்சணுமே

7:21
சுதா சித்தி: தேங்காப்பால் காய்ச்சிடலாம் ஹஹஹா

7:22
செந்தில்: சமையல் மாஸ்டர் சாயங்காலத்துக்குள்ள பால், தயிர் அளவு கேக்குறார். 150 பேர். சொல்லுங்க

7:41
மாலதி அத்தை: அண்ணா, அந்த மெசேஜ் ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புது. பால் குடிச்சா வயிறு உப்புது, போகுதுன்னா அது பெரும்பாலும் லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கிற சர்க்கரை, செரிக்காததுதான். சிறுகுடல்ல அதைச் செரிக்க வைக்கிற லாக்டேஸ் நொதி கொறஞ்சா, செரிக்காத லாக்டோஸ் தண்ணியை இழுத்துக்கிட்டுப் பெருங்குடலுக்குப் போகும். அங்க பாக்டீரியா அதை நொதிக்க வச்சு வாயு கிளப்பும். தொந்தரவுதான், ஆனா அது அந்த மெசேஜ் சொல்ற வீக்கம், அதாவது அழற்சி இல்ல. பால் புரதத்துக்கு அலர்ஜி இருக்கிறவங்க கதை வேற, அவங்க துளிகூட தொடக்கூடாது. மத்தபடி 52 மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்து 2017ல வந்த அலசல், பொதுவா பால் பொருள் அழற்சியைக் கூட்டலை, குறைக்கிற பக்கம்தான் சாயுதுன்னு சொல்லுது.

7:43
சுதா சித்தி: மாலதி அண்ணி பரீட்சை பேப்பர் எழுதிட்டாங்க

7:44
ராஜு மாமா: லொகேஷன் யாராவது போடுங்கப்பா

7:46
பெரியப்பா: அப்ப எனக்கு ஏன் இப்படி?

7:52
மாலதி அத்தை: உங்க சர்க்கரை நோய் மாத்திரை மெட்ஃபார்மின் 500லேர்ந்து 1000 ஆனது எப்போ? அதுவும் வயித்தால போக வைக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. பாலைச் சோதிக்கணும்னா ரெண்டு வாரம் பால், காபி, பால்கோவா, பால் பவுடர் போட்ட பிஸ்கட் எல்லாம் நிறுத்துங்க. அப்புறம் ஒருநாள் வெறும் வயித்துல 200 மில்லி பால், சர்க்கரை இல்லாம. ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள உப்பி, இரைஞ்சா சந்தேகம் சரி. மூச்சுல வர்ற ஹைட்ரஜன் வாயுவை அளக்குற சோதனை எடுத்தா உறுதியாத் தெரியும். ரத்தம் போனாலோ எடை கொறஞ்சாலோ இந்த வேலையெல்லாம் வேண்டாம், நேரா டாக்டர்.

7:55
பெரியப்பா: போன மாசம்.

7:55
பெரியப்பா: மாத்திரை கூட்டினது

7:56
சுதா சித்தி: 🙏

7:58
செந்தில்: அத்தை அளவு???

8:10
மாலதி அத்தை: லாக்டோஸ் ஒத்துக்காதவங்களுக்கும் ஒருதடவைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை பெரும்பாலும் தாங்கும், சாப்பாட்டோட சேர்ந்தா இன்னும் நல்லது. 200 மில்லி பால்ல 9லேர்ந்து 10 கிராம் இருக்கும். மோர்ல ஒரு பங்கு தயிர், மூணு பங்கு தண்ணின்னா ஒரு டம்ளர்ல 2 கிராம்தான். நெய்ல இல்லன்னே சொல்லலாம். வில்லன் பால் பாயசம். பாலைப் பாதியாச் சுண்ட வச்சா தண்ணிதான் போகும், லாக்டோஸ் போகாது, 100 மில்லியிலேயே 9 கிராம் நிக்கும். அதோட தயிர்சாதம் பந்தி முடியும் வரை புளிக்காம இருக்கணும்னு மாஸ்டர் பாலைத்தான் நிறைய ஊத்துவார். பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு சின்ன டப்பால முழுத்தயிர் போட்டுப் பிசையச் சொல்லு.

8:12
சுதா சித்தி: பாயசம்னதும் ஞாபகம் வருது. ரம்யா கல்யாணத்துல மூணாவது பந்திக்கே பாயசம் இல்ல

8:13
ராஜு மாமா: அந்தப் பொறுப்பு எங்களுது இல்ல

8:13
சுதா சித்தி: நான் யாரையும் சொல்லல

8:15
செந்தில்: பாயசம் தேங்காப்பால் வெல்லத்துல போடவா?

8:17
மாலதி அத்தை: போடு. முதல் பால் ஊத்தினதும் அடுப்பை அணைச்சிடச் சொல்லு, கொதிச்சா திரியும். வெல்லப்பாகும் ஆறியிருக்கணும்.

8:18
ராஜு மாமா: லொகேஷன்

8:20
செந்தில்: காபிக்கு 15 லிட்டர், தயிர் 12 லிட்டர்னு மாஸ்டர்கிட்ட சொல்லவா

8:31
பெரியப்பா: காய்ச்சுற பால் எத்தனை மணிக்கு? நான்தான் பொங்க விடணும்.

8:31
சுதா சித்தி: வெள்ளை விஷம் ஆச்சே அத்தான்

8:40
பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

8:44
செந்தில்: யாராவது அளவுக்கு ஓகே சொல்லுங்க