வேறு துறையில் வேலை பார்த்துவிட்டு லேட்டரலாக கன்சல்டிங் போனவர்கள் கொஞ்சம் பேசுவோமா? என் பங்கு முதலில்

ஒரகடத்துக்காரன்:

வாகன உதிரிபாக ஆலையில் பத்து வருடத்துக்கு மேல் உற்பத்திப் பக்கம் இருந்துவிட்டு ஸ்ட்ராட்டஜி கன்சல்டிங்குக்கு (நிறுவனங்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்லும் வேலை) போனவன் நான். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். கேட்கிறவர்கள் எல்லோருமே கேஸ் இன்டர்வியூவைப் பற்றித்தான் (ஒரு நிறுவனத்தின் பிரச்சினையைக் கொடுத்து அங்கேயே அலசச் சொல்லும் நேர்முகம்) கேட்கிறார்கள், அதற்குப் பயிற்சி கொடுக்க ஊரெல்லாம் ஆள் இருப்பதால் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். மெக்கின்சியில் பெரும்பாலும் இன்டர்வியூ எடுப்பவரே கேள்வி கேள்வியாக கேஸைக் கொண்டுபோவார், பி.சி.ஜி., பெயின் பக்கம் வண்டியை நீங்கள்தான் ஓட்ட வேண்டும் (மூன்றுமே பெரிய கன்சல்டிங் நிறுவனங்கள்). அதோடு மெக்கின்சியில் உங்கள் சொந்த அனுபவத்தில் ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு குடை குடை என்று குடைவார்கள். "நாங்கள் லைனைச் சரிசெய்தோம்" என்றால் "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். ஆலையில் வளர்ந்தவனுக்கு "நாங்கள்" என்றுதான் வாயில் வரும், அதை மட்டும் மாற்றிப் பழகுங்கள். அனுபவசாலிகளுக்கு கேஸ் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உள்ளே போன பிறகுதான் கதையே. மூன்று ஷிஃப்டையும் மேய்த்துக்கொண்டிருந்த ஆள், ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்லைடில் கட்டங்களை நேராக்கிக்கொண்டிருப்பான். எம்.பி.ஏ. முடித்து நேராக வந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், அவர்தான் மேனேஜர். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, அவர் வேலையில் கெட்டிக்காரர். நான் ஒரு ஸ்லைடுக்கு "பிரஸ் ஷாப் செயல்திறன் ஆய்வு" என்று தலைப்பு வைத்திருந்தேன். அடித்துவிட்டு, "இது தலைப்பு இல்லை, பெயர்ப்பலகை" என்றார். அப்புறம் அவரே உட்கார்ந்து எழுதினார்: "டை மாற்றும் நேரத்தைக் குறைத்தால் புது பிரஸ் வாங்காமலேயே கூடுதல் ஆர்டரைத் தாங்கலாம்." (பிரஸ் என்பது தகடை அழுத்தி வடிவம் கொடுக்கும் இயந்திரம், டை அதில் மாட்டும் அச்சு.) மெக்கின்சியில் இருந்த பார்பரா மின்டோ எழுத்துக்கு வகுத்துக் கொடுத்த முறை இதுதான்: முடிவு முதலில், அதற்குக் கீழே காரணங்கள். 8டி ரிப்போர்ட் (ஆலையில் ஒரு பிரச்சினையைப் படிப்படியாக ஆராய்ந்து எழுதும் அறிக்கை) எழுதிப் பழகிய கைக்கு இது லேசில் வராது. அங்கே பிரச்சினையில் ஆரம்பித்து, மூல காரணத்தைப் பிடித்து, அதற்கு அப்புறம்தான் தீர்வுப் பக்கமே போவோம். இங்கே தீர்வு முதல் வரியில் இல்லையென்றால் மேலே இருப்பவர் படிக்கவே மாட்டார்.

நம் அனுபவம் எங்கே உதவும் என்றால், எனக்கு உதவியது ஷாப் ஃப்ளோரில். ஒரு வாடிக்கையாளர் ஆலையில் ஓ.ஈ.ஈ. (இயந்திரத்தை எவ்வளவு முழுமையாகப் பயன்படுத்துகிறோம் என்ற அளவு) 85 சதவீதம் என்று காட்டினார்கள். கிடைக்கும் நேரம் 90, வேகம் 95, தரம் 99, மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 85 வரும், பாடப்புத்தகத்தில் உலகத்தரம் என்று போட்டிருக்கும் அதே எண். எண் அவ்வளவு அழகாக வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இரவு ஷிஃப்டில் போய் நின்றேன். டீ நேரத்தில் ஆபரேட்டர் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார், "டை மாத்துற நேரத்தை நிறுத்தக் கணக்குல சேர்க்க மாட்டோம் சார், அது பிளான் பண்ண நிறுத்தம்னு போயிடும்." டை மாற்றுகிற ரெஜிஸ்டரை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டபோது 85 எங்கேயோ போய்விட்டது. அந்த ஒரு ஷீட் அந்த ப்ராஜெக்ட்டையே திருப்பியது. லேப்டாப்பிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

இதற்காகத்தான் என்னை எடுத்தார்கள் என்று நினைத்தேன், ஆனால் ஆட்டோ ப்ராஜெக்ட் வறண்டதும் கொஞ்ச நாள் 'பீச்'சில் உட்கார வைத்தார்கள் (ப்ராஜெக்ட் இல்லாமல் சும்மா இருப்பதற்கு அங்கே வைத்திருக்கும் பெயர், கடலும் இல்லை சுண்டலும் இல்லை), அப்புறம் வங்கி ப்ராஜெக்ட்டில் தூக்கிப் போட்டார்கள். வங்கியைப் பற்றி எனக்கு ஏ.டி.எம். வரைக்கும்தான் தெரியும். மதிப்பீடு வந்தபோது, முதல் நாளிலிருந்து எல்லாத் துறையிலும் புரண்டு வளர்ந்த பையன்களோடு சேர்த்து ஒரே தராசில் நிறுத்தினார்கள். எடுக்கும்போது துறை அறிவு, எடைபோடும்போது பொது அறிவு. எனக்கு இருக்கிற ஒரே கோபம் இதுதான்.

மருந்துக்காரி:

அண்ணா சொன்ன தராசு விஷயம் நூற்றுக்கு நூறு. நான் மருந்து கம்பெனியில் விற்பனைத் திட்டமிடலில் இருந்து வந்தவள். எனக்கு வேறு மாதிரி ஒன்று நடந்தது. சேர்ந்த புதிதில் டீமில் ஒரு தம்பி, ரொம்ப இயல்பாக, "உங்க பழைய கம்பெனியில டிஸ்ட்ரிபியூட்டருக்கு எத்தனை சதவீதம் குடுப்பீங்க, மாடல்ல போட்டுக்கலாம்" என்றான். முடியாது என்றேன். அறை கொஞ்சம் அமைதியாகிவிட்டது, நான் ஒத்துழைக்காதவள் என்று பெயர் வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் உதறல்தான். சாயங்காலம் பார்ட்னரே கூப்பிட்டு, நீங்கள் சொன்னதுதான் சரி, அந்த எண்ணை வெளியாட்களிடம் முறையாகக் கேட்டு வாங்குவோம் என்றார். துறை எப்படி ஓடுகிறது என்பதைத் தாராளமாகச் சொல்லுங்கள், பழைய கம்பெனியின் எண்ணை மட்டும் வாயைத் திறந்து சொல்லாதீர்கள். பின்னால் சிக்கல் வந்தால் உங்கள் தலையில்தான் விடியும்.

இன்னொன்று, திங்கள் விடியற்காலை விமானம், வியாழனோ வெள்ளியோ திரும்புவது, இது தனியாளுக்கு ஒரு மாதிரி, வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருந்தால் வேறு மாதிரி. என் அம்மா வந்து கூட இருந்ததால் ஓடியது. யாரும் இல்லாதவர்கள் இதை இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை.

வெளியே வந்தவன்:

நான் உள்ளே போய், அவர்கள் கிளம்பச் சொல்லி, வெளியே வந்தவன். இந்தத் தொழிலில் மேலே போ, இல்லாவிட்டால் வெளியே போ என்பதுதான் வழக்கம். முகத்துக்கு நேராகத் துரத்த மாட்டார்கள், உங்களுக்கு இங்கே சரிப்படவில்லை போலிருக்கிறதே என்று இழுப்பார்கள், வேறு வேலை தேடச் சம்பளத்தோடு சில மாதம் தருவார்கள். அந்த வாரம் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் போன இடத்தில் அந்த கன்சல்டிங் நிறுவனத்தின் பெயர் பேசியது, இப்போது ஒரு உற்பத்தி நிறுவனத்தில் ஸ்ட்ராட்டஜி பார்க்கிறேன், பழைய தொழிற்சாலை வேலையிலேயே இருந்திருந்தால் இந்த நாற்காலி இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. அண்ணா, ஒரு தம்பிக்கு ஆஃபர் வந்திருக்கிறது, ஆலைக்காரன்தான். கையெழுத்துக்கு முன் என்ன கேட்கச் சொல்லட்டும்?

ஒரகடத்துக்காரன்:

எந்த லெவல் என்று கேட்கச் சொல்லுங்கள், சம்பளத்தைவிட அது முக்கியம். பி.சி.ஜி.யில் கன்சல்டன்ட், ப்ராஜெக்ட் லீடர், பிரின்சிபல் என்று போகும், மெக்கின்சியில் அசோசியேட், என்கேஜ்மென்ட் மேனேஜர் என்று. பத்து வருடத்தை எந்தப் படியில் வைக்கிறார்கள், அடுத்த படிக்கு எவ்வளவு காலம் என்று தெளிவாக வாங்கிக்கொள்ளட்டும். தன் துறையில் ப்ராஜெக்ட் கொண்டுவருகிற பார்ட்னர் யார், அவரோடு சேரும் முன்பே ஒரு தடவை பேச முடியுமா என்றும் கேட்கட்டும். இழுத்துப் போட்டுக்கொள்ள ஒரு பார்ட்னர் இல்லையென்றால் பீச்தான். ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் கிளம்பினால் திருப்பித் தர வேண்டும் என்பது கடிதத்தில் பின்பக்கமாக இருக்கும், படிக்கச் சொல்லுங்கள். இப்போதைய கம்பெனியில் ஐந்து வருடம் முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி என்றால் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்கட்டும், கிராஜுவிட்டியை ஏன் விட வேண்டும். மூன்று மாத நோட்டீஸ் எப்படியும் இருக்கும், அதிலேயே பாதி சரியாகிவிடும்.