ஒட்டுப்போட்ட ஒயர், சுட்டுக்கொண்ட விரல்: அப்படித்தான் கற்கவேண்டுமா?

பழைய ரேடியோ:
எங்கள் தலைமுறையில் பிளக் உடைந்தால் வாங்கிவரும்வரை காத்திருந்ததில்லை. ஒயரின் இரண்டு முனையையும் பல்லால் கடித்து உரித்து, பாயிண்ட் துளைக்குள் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் சொருகுவோம். என் தம்பி அப்படிச் சொருகும்போது ஷாக் அடித்துப் பின்னால் போய் விழுந்தான். இன்று வீட்டில் எது பழுதானாலும் அவன்தான் பிரித்துப் பார்க்கிறான். இப்போதைய பிள்ளைகளுக்கு ஸ்குரூடிரைவர் பிடிக்கவே தெரியவில்லை. பட்டால்தானே புத்தி வரும்? சொந்தக் கையால் ஒட்டுப்போட்டுப் பழகாமல் யாருக்கும் கரண்ட் புரியாது என்பது என் உறுதியான கருத்து.

கரண்ட்காரர்:
ஒயரிங் வேலைதான் எனக்குத் தொழில். ஐயா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் தம்பி எழுந்து வந்ததற்குச் சில காரணங்கள் இருந்திருக்கும். கை ஈரமில்லாமல் இருந்திருக்கும், விரல் நுனி மட்டும் பட்டிருக்கும், உதறல் கையை வெளியே தள்ளியிருக்கும். உள்ளங்கையால் இறுகப் பிடித்திருந்தால் கதை வேறு. சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்ததை விடமுடியாமல் போய்விடும்.

ஒட்டுப்போடுவதைப் பற்றியும் சொல்கிறேன். பழைய ப்யூஸ் கட்டையைக் கழற்றினால் பாதி வீடுகளில் ஒரே காட்சிதான். மெல்லிய ப்யூஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில், ஏதோ ஒயரிலிருந்து உரித்த செம்பு இழைகளை மொத்தமாக முறுக்கித் திருகில் கட்டியிருப்பார்கள். பீங்கான் ஓரம் கறுத்துக் கிடக்கும். 'இனிமேல் ப்யூஸ் போகவே போகாது' என்று பெருமையாக வேறு சொல்வார்கள். உண்மைதான், போகாது. லோடு கூடினால் சுவருக்குள் ஓடுகிற ஒயர்தான் சூடேறி உருகும்.

மாடிவீட்டுக்காரன்:
அதெல்லாம் ப்யூஸ் கட்டை காலத்துப் பயம். இப்போது எல்லா இடத்திலும் எம்.சி.பி. என்கிற, தானாக அணையும் சுவிட்ச் வந்துவிட்டதே? ஏதாவது ஆனால் அதுவே டிரிப் ஆகிவிடும்.

கரண்ட்காரர்:
தம்பி, இந்த நம்பிக்கைதான் எனக்கு ரொம்பப் பயம் தருகிறது. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்ற வந்தது. 6 ஆம்பியர் என்றால் 6000 மில்லி ஆம்பியர். ஆள் உயிர் போக அதில் நூறில் ஒரு பங்கே போதும். நீங்கள் துடித்துக்கொண்டிருந்தாலும் அது சும்மா இருக்கும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசப்படுவதற்குள் அணைத்துவிடும்.

சுடர்:
நெருப்பைப் பற்றியும் யாராவது பேசவேண்டும். என் அக்காள் மகன் வாணலியில் எண்ணெய் தீப்பிடித்ததைப் பார்த்துப் பதறி ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டான். தீ கூரைவரை எழும்பியது. பாவம், அவன் நல்லது செய்வதாகத்தான் நினைத்தான்.

எரிகிற எண்ணெயின் சூடு 300 டிகிரிக்கும் மேல். தண்ணீர் கனமானது, எண்ணெய்க்கு அடியில் போகும், போன நொடியில் ஆவியாகிச் சுமார் 1700 மடங்கு விரியும். அது எண்ணெயைத் துளித்துளியாக வெளியே எறிய, ஒவ்வொரு துளியும் பற்றிக்கொள்ளும். அடுப்பை அணை, மூடியைப் போடு, ஆறும்வரை திறக்காதே. இவ்வளவுதான் அவனுக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது. இதைக் கற்க அவன் புருவம் கருகவேண்டிய அவசியம் இல்லை.

பழைய ரேடியோ:
சரி, எண்ணெய் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விஞ்ஞானமே கைச்சூட்டில் வளர்ந்ததுதானே? அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் பிராங்க்ளின் 1750-இல், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் லைடன் ஜாடிகளின் மின்சாரத்தால் வான்கோழியைக் கொல்லப்போய், அது தன் உடம்பிலேயே பாய்ந்து நிலைகுலைந்தார். அதற்குப் பயந்து நிறுத்தினாரா?

சுடர்:
அவர் பிழைத்தார். இடியின் மின்சாரத்தை அளக்க வீட்டுக்குள் கம்பி இறக்கி வைத்த கேயார்க் ரிக்மன் 1753-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அந்த இடத்திலேயே இறந்துபோனார். அவர் கற்றுக்குட்டி இல்லை, பேராசிரியர். பிழைத்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் எல்லா விளையாட்டும் நல்ல விளையாட்டாகத்தான் தெரியும். தீக்குச்சி சொருகி விழுந்து எழாத பிள்ளை இங்கே வந்து எழுதப்போவதில்லை.

மணிமேகலை:
இரண்டு பக்கமும் படித்தேன். என் மகளுக்கு வயது பத்து, எதைக் கண்டாலும் பிரிக்கவேண்டும். 'தொடாதே' என்று சொன்னால் நான் இல்லாதபோது தொடுவாள். அதனால் டார்ச் பல்பு, 9 வோல்ட் பேட்டரி, ஒயர்த்துண்டு, சுவிட்ச் எல்லாம் அவளிடமே கொடுத்துவிட்டேன். ஷார்ட் செய்தால் ஒயர் சூடாவதை அவளே தொட்டுப் பார்த்தாள். சுவரிலுள்ள பாயிண்டில் ஏன் கைவைக்கக்கூடாது என்று அப்புறம் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பழைய ரேடியோ ஐயா கேட்கிற அனுபவம் இதில் கிடைக்கிறதே?

பழைய ரேடியோ:
கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பேட்டரியோடு நின்றுவிட்டால் அந்தப் பெண் நாளை தன் வீட்டு ஸ்விட்ச் போர்டைத் திறக்கக்கூட ஆள் தேடுவாள். அதை நான் ஏற்கமாட்டேன். ஆர்.சி.சி.பி. போட்டுவிடலாம், ஆனால் கை வேலையை விடக்கூடாது.

கரண்ட்காரர்:
விடச்சொல்லவில்லை ஐயா. ஆர்.சி.சி.பி. இருந்தாலும் ஒரு கையில் கரண்ட் வருகிற பேஸ், இன்னொரு கையில் அது திரும்புகிற நியூட்ரல் என்று இரண்டையும் பிடித்தால் அதற்கு ஒரு பல்புக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது, அணைக்காது. நீங்கள் சொன்ன தீக்குச்சி முறையில் இரண்டு முனையும் அம்மணமாகக் கையில்தான் இருக்கும். அந்தப் பெண் போர்டைத் திறக்கட்டும். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள பாயிண்டில் வைத்துச் சரிபார்த்து, மெயினை அணைத்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திறக்கட்டும். டேப் சுற்றின ஜாயிண்ட் மட்டும் வேண்டாம், சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும். கனெக்டர் போடக் கற்றுக்கொடுங்கள்.