மறைந்துபோன பனிவிரிப்புகளுக்கு அடியில் இருந்த ஏரிகளை எவ்வாறு கண்டறிகிறார்கள்?

கேள்வி: சத்தியவேடு வாசகர்

அனைவருக்கும் வணக்கம். சத்தியவேட்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். அண்டார்டிகாவில் ஏறத்தாழ 4 கி.மீ. பனிக்கு அடியில் வஸ்தோக் ஏரி இருப்பதை ரேடாராலும் செயற்கைக்கோளாலும் உறுதிசெய்ததைப் பாடமாக நடத்தியபோது, ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னால் விடை கூற இயலவில்லை. கனடாவை மூடியிருந்த பனிவிரிப்பு உருகிப் பல்லாயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. அதற்கு அடியிலும் இத்தகைய ஏரிகள் இருந்தன என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதே அவள் கேள்வி. நம் பகுதி ஏரி வற்றினால் கரையும் மதகும் கலங்கலும் வண்டலும் மிஞ்சும். பனியும் போய், நீரும் போன இடத்தில் என்ன மிஞ்சும்?

இன்னொன்று: எங்கள் ஊரைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளில் புதைந்து கிடக்கும் உருண்டைக் கற்களைப் பழங்காலப் பனி உருட்டி வந்தது என்று இங்குச் சிலர் சொல்கிறார்கள். அது சரியா?

மறுமொழி 1: புத்தூர் நிலவியலார்

ஐயா, பனிவிரிப்பின் விளிம்புக்கு வெளியே திறந்த வானின் கீழ்த் தேங்கிய ஏரிகளையும், பனிக்கு அடியிலேயே அடைபட்டுக் கிடந்த ஏரிகளையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் வகையைக் கண்டறிவது ஒப்பீட்டளவில் எளிது. 1879இல் அகாசி எனப் பெயரிடப்பட்ட வட அமெரிக்கப் பேரேரியின் மணற்கரைகளை இன்றும் மானிட்டோபாவிலும் வடக்கு டகோட்டாவிலும் காணலாம். அத்தகைய ஏரிகளின் அடியில் கோடையில் சற்றுப் பருமையான வண்டலும் குளிர்காலத்தில் நுண்களிமண்ணுமாக ஆண்டுதோறும் ஓர் இரட்டை அடுக்கு படியும். அவற்றை எண்ணித்தான் சுவீடன் நிலவியலார் ஜெரார்ட் டி யேர் பனி பின்வாங்கிய காலத்தைக் கணக்கிட்டார்.

பனிக்கு அடியில் இருந்த ஏரிக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை. மேலே பனி மூடியிருப்பதால் காற்று இல்லை, அலை இல்லை, ஆகவே மணற்கரையும் இல்லை. ஒளி புகாததால் டயட்டம் போன்ற பாசிகள் அங்கு வளர்வதில்லை. எனவே ஆய்வாளர்கள் தேடுவது படிவுகளின் வரிசையைத்தான். பனி அரைத்து இழுத்து வந்த கல்லும் களிமண்ணும் கலந்த மண்ணை ‘டில்’ என்பார்கள். கீழே ஒரு டில் அடுக்கு, நடுவில் அசையாத நீரில் மட்டுமே படியக்கூடிய நுண்வண்டல், அதன்மேல் மீண்டும் ஒரு டில் அடுக்கு என்று அமைந்திருந்தால், பனி விலகாத நிலையிலேயே அங்கு நீர் தேங்கியிருக்கலாம் என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. கனடாவின் கிரேட் ஸ்லேவ் ஏரி 614 மீட்டர் ஆழம் கொண்டது. அதன் அடிப்படிவுகளை ஆராய்ந்தவர்கள், அங்குப் பனிவிரிப்புக் காலத்திலேயே ஒரு பெரிய அடிப்பனி ஏரி இருந்தது என்று 2008இல் வாதிட்டார்கள்.

இதைவிட எனக்குத் தெளிவாகப் படுவது ஆல்பெர்ட்டா மாகாணச் சான்று. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில், பனி நகர்ந்த திசைக்குக் குறுக்கே அமைந்த மேடுகளுக்குப் பின்னால் 10 மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் நீர் தேங்கியிருந்ததும், அது அவ்வப்போது உடைத்துக்கொண்டு வண்டலை அறுத்த வாய்க்கால்கள் வழியே வெளியேறியதும் நில அமைப்பைக் கொண்டே காட்டப்பட்டன. சில வாய்க்கால்கள் முடியும் இடத்தில் எஸ்கர் எனப்படும் நீண்ட மணல்–சரளை மேடுகள் தொடங்குகின்றன. நீங்கள் சொன்ன கரைக்கும் மதகுக்கும் ஈடானவை இவையே.

மறுமொழி 2: சித்தூர் இயற்பியல் ஆசிரியை

தேட வேண்டிய இடத்தை முடிவுசெய்வதில் இயற்பியலுக்கும் பங்குண்டு. பனிக்கு அடியில் உள்ள நீர் நிலத்தின் சரிவை மட்டும் பார்த்து ஓடுவதில்லை. மேலிருக்கும் பனியின் எடை அதை அழுத்துவதால், பனியின் மேற்பரப்புச் சரிவுக்கு நிலச்சரிவைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு செல்வாக்கு உண்டு; ஆகவே நீர் மேட்டிலும் ஏறும், பள்ளமே இல்லாத இடத்திலும் தேங்கும். அதே அழுத்தத்தால் உருகுநிலையும் தாழ்வதால், வஸ்தோக் ஏரியின் நீர் ஏறத்தாழ −3 டிகிரியிலும் உறையாமல் இருக்கிறது. இதனால்தான் இன்றைய நில வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஏரிகளைக் குறித்துவிட முடியாது. மறைந்த பனியின் தடிமனையும் சரிவையும் கணினி மாதிரியில் மீண்டும் கட்டியெழுப்பி, நீர் எங்கெங்கே நின்றிருக்கும் என்று கணக்கிட்ட பிறகே களத்தில் இறங்குகிறார்கள்.

மறுமொழி 3: திருத்தணிக்காரர்

கணினி மாதிரி காட்டும் இடம் தேடுவதற்கு உரிய இடம். அதையே சான்றாகக் கொள்ளக் கூடாது. கண்முன் பனி இருக்கும் இடத்திலேயே தவறு நேர்ந்திருக்கிறது: கனடாவின் டெவன் தீவுப் பனிக்கு அடியில் உவர்நீர் ஏரிகள் இருப்பதாக ரேடார் பதிவுகளைக் கொண்டு 2018இல் அறிவித்தார்கள், பின்னர் நில அதிர்வு முறையிலும் மின்காந்த முறையிலும் சோதித்தபோது அங்கு ஏரி தென்படவில்லை. நுண்வண்டலும் தன்னளவில் போதாது, ஏனெனில் பனி விலகும் வேளையில் அதன் விளிம்பில் தேங்கிய ஏரியும், சற்றே முன்னேறித் திரும்பிய பனியும் சேர்ந்து அதே டில்–வண்டல்–டில் வரிசையை உண்டாக்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று வேதியியலைச் சார்ந்தது. அண்டார்டிகாவின் பைன் தீவு விரிகுடாவில், இன்று கடலாக இருக்கும் ஒரு பள்ளத்தின் அடிமண்ணைத் துளைத்தெடுத்து, மண் துகள்களுக்கு இடையே சிக்கியிருந்த நீரைப் பரிசோதித்தார்கள். அதில் குளோரைடு கடல்நீரில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தது. பனி பின்வாங்கிக் கடல் உட்புகும் முன்னர் அங்கு நன்னீர் ஏரி இருந்தது என்று 2017இல் அதற்கு விளக்கம் தந்தார்கள். நிலத்தின் வடிவத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் முடிவைவிட இதை நான் நம்புவேன்.

சத்தியவேடு வாசகர்

மூவருக்கும் நன்றி. உருண்டைக் கற்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

மறுமொழி 4: புத்தூர் நிலவியலார்

மன்னிக்கவும் ஐயா. அவை பனி கொண்டுவந்தவை அல்ல. சத்தியவேட்டுப் படிவுகள் டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை. நகரி மலைகளில் உள்ளதைப் போன்ற பழைய குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உருமாறிய கடினப் பாறை) பாறைகள் உடைந்து நீரில் உருண்டு வந்து படிந்த கற்களே அங்கு மிகுதி. பனி இழுத்து வந்த கற்களில் பல முழு உருண்டையாக இரா. தட்டையாகத் தேய்ந்த முகங்களும் அவற்றில் இணையான கீறல்களும் காணப்படும். தொலைவிலிருந்து வந்த பலவகைப் பாறைகளும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும்.

பனியின் தடத்தையே மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமானால் கோதாவரிப் படுகைக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள தால்சீர் படிவுகள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, இந்தியாவும் அண்டார்டிகாவும் இணைந்திருந்த கோண்டுவானாப் பெருங்கண்டத்தின் பனியைச் சேர்ந்தவை. ஒடிசாவின் தால்சீரில் இருந்த கற்படுகைக்குப் பனியே காரணமாக இருக்கலாம் என்று நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் 1856லேயே எழுதினார்கள். மகாராட்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் இராய் என்னும் ஊருக்கு அருகே பனி கீறிய பாறைத்தளமே இருக்கிறது. தால்சீர் களிப்பாறைகளில் மிதக்கும் பனிக்கட்டிகளிலிருந்து விழுந்த கற்கள் பதிந்திருப்பதால், அங்கு நீர்நிலைகளும் இருந்தன என்பது தெளிவு. ஆனால் பனிக்கட்டிகள் மிதந்து திரிய இடம் இருந்திருக்கிறது என்பதால், அவை பனிக்கு வெளியே திறந்து கிடந்தவை. மாணவி கேட்ட வகையைச் சேர்ந்தவை அல்ல.