பழைய டீசல் பிக்கப்: பவரைக் கூட்ட எதை முதலில் மாற்றலாம்?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1997 டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின், 12 வால்வு, டீசலை அழுத்தி அனுப்பும் பி7100 பம்ப், மேனுவல் கியர். கம்பெனி கொடுத்தது 215 குதிரைத்திறன். டிரெய்லர் மாட்டி மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. 300 வந்தால் போதும், ரேஸுக்கா போகிறேன்!

பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்யூயல் பிளேட்டை நகர்த்தி டீசலைக் கூட்டுவது சுலபம்தான். ஆனால் காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் கரும்புகையும் எக்ஸாஸ்ட் சூடும்தான் மிச்சம், நீண்ட ஏற்றத்தில் பிஸ்டனே உருகலாம். அதனால் எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் பைரோமீட்டரும், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜும் மாட்டியாச்சு.

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றினால், காற்றைத் திணிக்கும் பழைய டர்போ ஈடுகொடுக்குமா, இல்லை அதையும் சேர்த்தே மாற்றணுமா? பழைய கிளட்ச் தாங்குமா? பாரம் இழுக்கிற வண்டியில் செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.