கென் நார்ட்டனை வைத்து அலியையும் ஃபோர்மனையும் அளக்க முடியுமா?

பதினைந்தாம்சுற்று எழுதியது:

குத்துச்சண்டை வீரர் முகமது அலி, சக வீரர் கென் நார்ட்டனுடன் மூன்று முறை மோதி மொத்தம் 39 சுற்றுகள் ஆடியிருக்கிறார். ஒருமுறைகூட அவரைத் தரையில் வீழ்த்த முடியவில்லை. 1973 மார்ச் 31 அன்று சான் டியேகோவில் தாடை உடைந்து தோற்றார், அதே ஆண்டு செப்டம்பரில் நடுவர்களின் தீர்ப்பு பிளவுபட்ட நிலையில் நூலிழையில் வென்றார். 1976இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் அவருக்குக் கிடைத்த வெற்றியோ இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. இதே நார்ட்டனை ஜார்ஜ் ஃபோர்மன் 1974 மார்ச் 26 அன்று கராகஸில் இரண்டாம் சுற்றிலேயே முடித்துவிட்டார். ஆனால் ஏழு மாதங்கள் கழித்து, கின்ஷாசாவில், அந்த ஃபோர்மனை அலி எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். நார்ட்டனுக்கு எதிரான ஆட்டங்களை மட்டும் பார்த்தால் ஃபோர்மனே பல மடங்கு உயர்ந்தவர் என்றுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்த ஒப்பீட்டில் எங்கே பிழை இருக்கிறது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க முடியுமா?

இடதுகை எழுதியது:

நண்பரே, ஒப்பீட்டில் பிழை இல்லை. அது எதை அளக்கிறது என்பதில்தான் குழப்பம் இருக்கிறது. நார்ட்டன் எப்போதும் முன்னோக்கி நகர்ந்தால்தான் முழு பலத்துடன் ஆடக்கூடியவர். கைகளைக் குறுக்கே மடித்து முகத்தையும் மார்பையும் மறைத்துக்கொண்டு, பின்காலை இழுத்து இழுத்து எதிராளியை நெருங்குவது அவருடைய பாணி. அலியின் ஆட்டமோ தொலைவிலிருந்து ஜாப் (முன்கையால் விடும் நேர்குத்து) வீசுவதையும், கால்களால் விலகிச் செல்வதையும் நம்பியிருந்தது. அப்படி விலகிப் போகிறவர் நார்ட்டனுக்குத் தேவையான இடத்தைத் தாமாகவே கொடுத்துவிடுகிறார்.

இதற்கு மேல், நார்ட்டனின் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் ஒரு நுட்பத்தைக் கவனித்து வைத்திருந்தார். அலி ஜாப் வீசும்போது அவருடைய வலது கை தாடையைக் காக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை என்பதால், அதே கணத்தில் நார்ட்டனும் ஜாப் வீச வேண்டும் என்பதே அவர் சொல்லிக் கொடுத்த வழி. 1971இல் ஜோ ஃபிரேசியர் அலியை வென்றபோதும் ஃபட்ச் ஃபிரேசியரின் அணியில் இருந்தவர்தான் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. அலியின் முதல் இரண்டு தோல்விகளிலும் எதிராளியின் மூலையில் ஃபட்ச் இருந்திருக்கிறார்.

ஃபோர்மனிடம் இந்த உபாயங்கள் எவையும் எடுபடவில்லை, ஏனென்றால் அவர் விலகிப் போகவே இல்லை. நேராக நடந்து வந்து, நீட்டிய கைகளால் எதிராளியைத் தள்ளி நிறுத்தி, பக்கவாட்டில் அகலமாக வளைந்து வரும் ஹூக்குகளையும் அப்பர்கட்டுகளையும் வீசுகிற ஒருவர் முன்னால் நார்ட்டன் பின்வாங்க வேண்டியதாயிற்று. பின்வாங்கும்போது அவருக்குத் தற்காப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. குறுக்கே மடித்த கைகள் நேரே வரும் குத்துகளைத் தடுக்குமே தவிர, கீழிருந்து எழும் அப்பர்கட்டை அவ்வளவாகத் தடுக்காது. கராகஸ் ஆட்டத்தின் இரண்டாம் சுற்றைப் பார்த்தால், கயிற்றில் முதுகு பட்ட பிறகு நார்ட்டனிடம் எந்தத் திட்டமும் மிஞ்சவில்லை என்பது தெரியும்.

பழையரீல் எழுதியது:

பாணியைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் அலியின் உடல்நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் ஆட்டத்துக்கு அவர் 221 பவுண்டு எடையுடன், நார்ட்டனைப் பெரிதாக மதிக்காமல் வந்தார். செப்டம்பர் ஆட்டத்துக்கு 212 பவுண்டாகக் குறைத்துக்கொண்டு வந்தார். அப்போதும் கடைசிச் சுற்றுவரை போராடித்தான் வெல்ல முடிந்தது. ஆகவே எடை ஒரு காரணம், ஆனால் முழுக் காரணம் அன்று. தாடை எந்தச் சுற்றில் உடைந்தது என்பதில் இரண்டு தரப்புக்கும் இடையே கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை. தொடக்கத்திலேயே உடைந்தது என்ற அலி தரப்பின் கூற்றை ஏற்றால், அதன் பிறகும் அவர் 12 சுற்றுகளையும் முடித்தார் என்பது தோல்வியிலும் மெச்சத்தக்க செய்தி.

'பலமாக அடிப்பவரிடம் நார்ட்டன் நிற்க மாட்டார்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எர்னி ஷேவர்ஸ் 1979இல் முதல் சுற்றிலேயே முடித்ததையும், ஜெர்ரி கூனி 1981இல் 54 நொடிகளில் முடித்ததையும் சான்றாகக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் நார்ட்டனுக்கு முறையே 35, 37 வயது. 1975இல் ஜெர்ரி குவாரியை, அவரும் நன்றாக அடிக்கக்கூடியவர்தான், நார்ட்டன் ஐந்தாம் சுற்றில் நிறுத்தினார். அவரைப் பின்னுக்குத் தள்ளும் உடல்வாகு குவாரிக்கு இல்லாததே வேறுபாடு என்று நான் கருதுகிறேன்.

ராயபுரத்தான் எழுதியது:

1976 ஆட்டத்தில் நார்ட்டன்தான் வென்றார் என்பது என் உறுதியான கருத்து. கடைசிச் சுற்றில் தாம் முன்னிலையில் இருப்பதாக நம்பி ஒதுங்கி ஆடியது அவர் செய்த பெரும் தவறு.

பதினைந்தாம்சுற்று எழுதியது:

விளக்கங்களுக்கு நன்றி. ஆனால் ஒரு ஐயம் மிஞ்சுகிறது. பின்வாங்கி ஆடியதால்தான் நார்ட்டன் ஃபோர்மனிடம் தோற்றார் என்றால், கின்ஷாசாவில் அலியும் கயிற்றோரம் ஒதுங்கித்தானே நின்றார்?

இடதுகை எழுதியது:

நல்ல கேள்வி. அன்றைக்குப் பந்தயக்காரர்களும் பத்திரிகையாளர்களும் இதையே எண்ணித்தான் அஞ்சினார்கள். அலியைத் தோற்கடித்திருந்த இருவரையும், அதாவது கிங்ஸ்டனில் ஃபிரேசியரையும் கராகஸில் நார்ட்டனையும், ஃபோர்மன் இரண்டாம் சுற்றைத் தாண்ட விடவில்லை. இந்தக் கணக்கை வைத்துத்தான் அலி பிழைப்பாரா என்றே சிலர் எழுதினார்கள்.

ஆனால் நார்ட்டன் கயிற்றுக்குத் தள்ளப்பட்டார், அலி தாமாகவே போய்ச் சாய்ந்தார். தளர்ந்திருந்த கயிற்றில் அவர் உடலைப் பின்னால் வளைக்க முடிந்ததால், ஃபோர்மனின் அகன்ற குத்துகள் பெரும்பாலும் கைகளிலும் தோள்களிலும் பட்டுத் தீர்ந்தன. ஃபோர்மன் நெருங்கி வரும்போதெல்லாம் அலி அவருடைய பின்கழுத்தைப் பிடித்து அழுத்திப் பலத்தை வீணாக்கினார், இடையிடையே நேரான வலது குத்துகளால் முகத்தைத் தாக்கிக்கொண்டும் இருந்தார். அதற்கு முந்தைய எட்டு ஆட்டங்களில் எதிலும் இரண்டாம் சுற்றுக்கு மேல் ஆடியிராத ஃபோர்மன் ஐந்தாம் சுற்றிலேயே களைத்துப் போனார். வந்த அடியைத் தாங்கிக்கொண்டே சிந்திக்கும் திறன் அலிக்கு இருந்தது. நார்ட்டனிடம் ஃபோர்மன் ஆடிய அந்தச் சில நிமிடங்களில் இதைச் சோதிக்க வேண்டிய தேவையே எழவில்லை.