ஒரே ஒரு மின்னஞ்சல் கணக்கை மட்டும் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்த அனுபவம் உண்டா?

தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலில் பல கணக்குகள் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று பழைய வாடிக்கையாளருக்காகத் திறந்தது. வேலை இப்போதைக்கு நிற்கிறது, கடவுச்சொல்லும் காலாவதி, ஆனால் நிரலைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கடவுச்சொல் பெட்டி வந்து மறிக்கும். கணக்கையே நீக்க மனமில்லை, கையொப்பம், வடிகட்டிகள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். நான் வைத்திருக்கும் பதிப்பில் கணக்கை அணைக்க என்று தனிப் பொத்தான் கிடையாது. அதனால் கணக்கு அமைப்புகளில் சர்வர் பகுதிக்குப் போய், திறந்தவுடன் அஞ்சல் பார், 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார், புது அஞ்சல் வந்ததும் சர்வர் உடனே சொல்லட்டும் என்ற மூன்று டிக்கையும் எடுத்துவிட்டேன். சத்தம் நின்றது. ஆனால் ஐமாப் கணக்கு (அஞ்சல் சர்வரிலேயே இருக்கும் வகை) என்பதால் அந்த இன்பாக்ஸைத் தெரியாமல் கிளிக் செய்தால் போதும், உடனே சர்வருக்கு ஓடிவிடுகிறது. வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

*

கண்ணிலேயே படக்கூடாது என்றால் தண்டர்பேர்டின் உள் அமைப்புகளைக் கையால் திருத்தும் கான்ஃபிக் எடிட்டர்தான். அதில் மெயில்.அக்கவுன்ட்மேனேஜர்.அக்கவுன்ட்ஸ் (mail.accountmanager.accounts) என்று தேடினால் அக்கவுன்ட்1, அக்கவுன்ட்2 என்று கமா போட்ட வரிசை வரும். முதலில் அதை அப்படியே ஒரு நோட்பேடில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வேண்டாத எண்ணை மட்டும் எடுத்துவிட்டு நிரலை மூடித் திறந்தால் கணக்கு காணாமல் போயிருக்கும். அஞ்சல்கள், நிரல் தன் தரவை வைக்கும் புரொஃபைல் கோப்புறையில் பத்திரமாக இருக்கும், பழைய வரிசையை ஒட்டினால் திரும்பி வரும். எந்த எண் எந்தக் கணக்கு என்பதில்தான் ஆள் தடுமாறுவது. அக்கவுன்ட்3-க்குப் பின்னால் சர்வர்5 இருக்கலாம், இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை. கணினியிலேயே அஞ்சல்களை வைக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸ் கணக்கின் எண்ணைத் தொடவே தொடாதீர்கள். புரொஃபைலை நகல் எடுக்காமல் இந்தப் பக்கமே வராதீர்கள் என்பேன்.

*

இதைப் படித்தால் பாவமாக இருக்கிறது :) ஆப்பிள் மெயிலில் கணக்கு அமைப்புகளில் ஒரே ஒரு டிக், எடுத்தால் அந்த அஞ்சல்பெட்டிகள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும், போட்டால் வந்துவிடும். லினக்ஸில் எவல்யூஷனிலும் கணக்குப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே டிக் உண்டு. கிளாஸ் மெயிலில் கணக்கு மறையாது, 'அஞ்சல் எடு' அழுத்தும்போது எந்தக் கணக்குகள் சேர வேண்டும் என்று மட்டும் டிக் போட்டுக்கொள்ளலாம், எனக்கு அது போதும்.

*

பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு: கன்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அனுப்பு/பெறு குழுக்கள் திறக்கும். 'திருத்து' போய், இந்தக் கணக்கை இந்தக் குழுவில் சேர் என்ற டிக்கை எடுத்தால் எஃப்9 அழுத்தினாலும் அந்தக் கணக்கை அது சீண்டாது. நான் பாப் (அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் வகை), ஐமாப் கணக்குகளுக்குச் செய்திருக்கிறேன். வேலைக் கணக்கைத் தனிக் குழுவில் போட்டுவிட்டால் விடுமுறையில் அந்தக் குழுவின் தானியங்கி நேரத்தை மட்டும் அணைத்தால் சரி, அமைப்பில் வேறெதையும் கலைக்க வேண்டியதில்லை.

*

எல்லோரும் பெறுவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். மூன்று டிக்கை எடுத்தாலும் அனுப்பும் பக்கம் உயிரோடுதான் இருக்கும், அஞ்சலை அனுப்பும் எஸ்எம்டிபி சர்வர் தனி. புதுக் கடிதம் எழுதும்போது அனுப்புநர் பட்டியலில் அந்த முகவரியும் நிற்கும், அவசரத்தில் அதிலிருந்து பதில் போய்விடும். நிறுத்துவதற்கு முன் அவுட்பாக்ஸில் எதுவும் தங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீங்கள் நிறுத்தியது உங்கள் கணினியில்தான், சர்வரில் அஞ்சல் வந்து குவிந்துகொண்டே இருக்கும். இடம் நிரம்பினால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், எனவே எப்போதாவது உலாவி வழியாக எட்டிப் பாருங்கள்.

முதலில் எழுதியவருக்கு ஒன்று: கடவுச்சொல் பெட்டி வருகிறது என்றால் காலாவதிதான் காரணம் என்று இல்லை. 2022-இல் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு மின்னஞ்சல் நிரல்கள் வெறும் கடவுச்சொல்லோடு நுழைவதை நிறுத்தியது, அதே ஆண்டு மைக்ரோசாஃப்டும் தன் நிறுவன அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அதை மூடத் தொடங்கியது. அப்படிப்பட்ட கணக்கு என்றால் சர்வர் பகுதியில் அங்கீகார முறையை ஓஆத்2-க்கு (நிரலிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் சேவையின் உள்நுழைவுப் பக்கத்தில் அனுமதி தரும் முறை) மாற்றிப் பாருங்கள், நிறுத்தி வைக்கவே தேவைப்படாமல் போகலாம்.