புது ஹார்டு டிஸ்க் போட்டும் விண்டோஸ் ஏறவில்லை, உதவுங்கள்

புளியரை சோதனைச்சாவடிக்கு முன்னால் எடைமேடை வைத்திருக்கிறோம். கேரளா போகும் லாரிகள் எடை போடும் கணினி மூன்று நாளாகப் படுத்துவிட்டது. பில்லைக் கையால் எழுதுகிறோம்.

கோர் 2 டுவோ, ஜி31 போர்டு, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7 (32 பிட்). எடைமேடை ஒயர் சீரியல் போர்ட்டில் (பழைய கணினிகளில் இருக்கும் இணைப்புத் துளை) போவதால்தான் இந்தக் கிழத்தை விடமுடியவில்லை.

பழைய 160 ஜிபி டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்ததும், மச்சான் லேப்டாப்பில் மாட்டி சி டிரைவை மட்டும் புது 500 ஜிபி டிஸ்க்குக்கு குளோன் செய்தேன் (அப்படியே நகலெடுத்தேன்). விண்டோஸைத் துவக்கும் கோப்புகள் இருக்கும் 100 எம்பி 'சிஸ்டம் ரிசர்வ்டு' பகுதியை வேண்டாததென்று விட்டுவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேனோ?

பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) புது டிஸ்க் பெயர் தெரிகிறது. அதன்பின் கறுப்புத் திரை, இடது மூலையில் கோடு மட்டும் மினுக்குகிறது. சாட்டா கேபிள், போர்ட் இரண்டும் மாற்றியாச்சு. பயாஸ் பேட்டரியும் புதுசு. பூட் வரிசையில் இதுதான் முதல். விண்டோஸ் டிவிடி போட்டு ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட் (துவக்கப் பதிவைச் சரிசெய்யும் கட்டளைகள்) கொடுத்தேன், பலனில்லை. டிஸ்க்கைப் பகுதி பிரித்த முறை பழைய எம்பிஆர்தான், புதிய ஜிபிடி இல்லை.

பழைய டிஸ்க் இன்னும் ஒருமுறை ஓடுமா என்பதே சந்தேகம். சி-யை ஆக்டிவ் (கணினி துவங்கும் பகுதி) ஆக்கி பிசிடிபூட் (துவக்கக் கோப்புகளை மறுபடி எழுதும் கட்டளை) கொடுத்தால் போதுமா, முழு டிஸ்க்கையும் மறுபடி குளோன் செய்தே ஆகணுமா?